முன்னோடி என்ற சொல்லும் ஒரு வெள்ளிச் சுரங்க நகரமும்

வரலாற்று நூல்களிலே பயின்று வரும் சொற்களுட் சில, பார்வைக்குக் குற்றமற்றவையாகத் தோன்றினும், ஒரு தரப்பாரின் நியாயத்தைத் தம்முள்ளே மறைத்து வைத்திருப்பவை. ‘முன்னோடி’ என்ற சொல் அத்தகையது. யாருக்கு முன்னே ஓடினான், யாரைப் பின்னே தள்ளிவிட்டு ஓடினான், எவருடைய நிலத்தின் மீது ஓடினான் என்ற வினாக்களை அச்சொல் எழுப்ப விடுவதில்லை. மேற்கு அமெரிக்காவிற் குடியேறிய யூத மக்களைப் பற்றி எழுந்த நூல்களைப் படிக்கும்பொழுது இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. அந்நூல்கள் சிலவற்றை, ஒரு நகரத்தை மையமாகக் கொண்டு, மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நகரம் கொலராடோ மாநிலத்திலுள்ள லெட்வில். ரொக்கி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்தது. 1870களின் இறுதியிலே அங்கு வெள்ளி கலந்த ஈயத் தாது பெருமளவிற் கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஊரென்றே சொல்லத் தகாதிருந்த அவ்விடம், 1880ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது 14,820 பேர் வாழும் நகரமாயிற்று. அவர்களுள் யூதர் சில நூற்றுவரே. ஆயினும் 1884ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் திகதி, தமது புத்தாண்டுத் திருநாளின் முன்மாலையில், மரத்தாலான செபக்கூடம் ஒன்றை அவர்கள் திறந்து வைத்தனர். அதற்கான நிலத்தை வழங்கியவர் வெள்ளிச் செல்வரான ஹொரேஸ் ரேபர்.

இந்த ரேபரின் கதை மூலமாகவே கலையுலகம் லெட்வில்லைப் பெரிதும் அறிந்திருக்கின்றது. 1956இல் சென்ட்ரல் சிற்றியில் முதன்முதலாக மேடையேறிய ‘பேபி டோவின் கதைப்பாடல்’ என்ற இசைநாடகம் அவரது ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் பாடுகின்றது. வொலஸ் ஸ்ரெக்னரின் 1971ஆம் ஆண்டு நாவலாகிய ‘ஏங்கிள் ஒஃப் ரிப்போஸ்’, கல்வியறிவு மிக்க பொறியியலாளர் குடும்பமொன்றின் கண்களாலே இந்நகரைக் காண்கின்றது. இவ்விரண்டும் கலைத்திறன் வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயின், சுரங்கத்துட் செல்பவனுக்குக் காற்சட்டை விற்றவனும், அவனுக்குக் கடன் கொடுத்தவனும், அக்கடைக்காரனின் வீட்டிலே குழந்தையைப் பறிகொடுத்த தாயும் அவற்றின் மையப் பொருளல்லர். அவர்களைத் தேடுவோர் வரலாற்று நூல்களையே நாட வேண்டியிருக்கின்றது.

நூல்களை நோக்குமுன், யூதர் அம்மலைக்கு வந்த காரணத்தை அறிதல் அவசியம். ஜேர்மன் நாடுகளிலும் சுவிற்சர்லாந்திலும் யூதருக்கு நெடுங்காலம் நிலவுடைமை மறுக்கப்பட்டிருந்தது. கைவினைச் சங்கங்களின் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. குடியிருக்கும் ஊரைத் தெரிவு செய்யும் உரிமைகூட இருக்கவில்லை. எஞ்சியது தோளிற் சுமக்கும் பொட்டணி வியாபாரம் ஒன்றே. அமெரிக்கா வந்தபொழுது அவர்கள் கொண்டு வந்த மூலதனமும் அதுவே. கிழக்குக் கரையிலுள்ள உறவினன் கடனுக்குச் சரக்கு அனுப்புவான்; மலையிலுள்ளவன் அதனை விற்றுக் கடனைத் தீர்ப்பான். சுரங்கத் தொழிலாளிக்கு வேண்டியவை உடை, சப்பாத்து, புகையிலை, போர்வை ஆகியன. அவற்றை விற்பதற்கு நிலம் வேண்டியதில்லை. நம்பிக்கையும் கடனுமே போதும். ஆகவே யூதர் கடைக்காரரானமைக்குக் காரணம் இனத்தின் இயல்பன்று. ஐரோப்பியச் சட்டங்கள் விதித்த வாழ்க்கையும், புதிய சுரங்கச் சந்தையின் தேவையும் ஒன்றையொன்று சந்தித்தமையே காரணமாகும்.

டேவிட் மே என்பவரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. 1848இல் ஜேர்மனியிற் பிறந்த அவர், உடல்நலங் கருதி மலைக்கு வந்தவர். 1877இல் லெட்வில்லிலே அவர் தொடங்கிய உடைக் கடையே பின்னர் அமெரிக்காவின் பெரும் பல்பொருட் கடைக் கம்பனிகளுள் ஒன்றாக வளர்ந்தது. மண்ணைத் தோண்டியவருட் பெரும்பாலோர் வறியவராகவே இறந்தனர். தோண்டியவனுக்கு உடை விற்றவன் செல்வனானான். இவ்வாறு நிகழ்ந்தது எவ்வாறு என்று விளக்குவதே வரலாற்றாசிரியன் கடமை. அதனைத் தனிமனிதனின் விடாமுயற்சிக்குக் கிடைத்த பரிசு என்று கூறி முடிப்பது விளக்கமாகாது.

லெட்வில்லின் யூதச் செல்வத்துக்கு உச்ச உதாரணமாக எல்லோரும் காட்டுவது குகன்ஹைம் குடும்பத்தையே. மேயர் குகன்ஹைம் 1828இல் சுவிற்சர்லாந்தின் லெங்னோ என்ற ஊரிற் பிறந்தவர். அந்நாட்டிலே யூதர் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட இரு கிராமங்களுள் ஒன்று அது. பிலடெல்பியாவிலே பொட்டணி வியாபாரியாகத் தொடங்கி, அடுப்பு மெருகு விற்று, பின்னலாடை இறக்குமதி செய்து பொருளீட்டிய அவர், 1880களின் தொடக்கத்தில் லெட்வில்லின் இரு சுரங்கங்களிற் பங்கு வாங்கினார். நீர் நிறைந்து கிடந்த அச்சுரங்கங்கள், நீரை இறைத்த பின்னர் வெள்ளியை வாரி வழங்கின. ஆயினும் பெருஞ்செல்வம் தாதைத் தோண்டுவதிலன்று, அதனை உருக்குவதிலே உள்ளது என்பதை அவரும் அவர் மைந்தரும் விரைவில் உணர்ந்து கொண்டனர். தாதை எவன் எடுத்தாலும் உருக்காலைக்கே அவன் வரவேண்டும். விலையை உருக்காலையே தீர்மானிக்கும். பியூப்லோ நகரில் உருக்காலை அமைத்த அவர்கள், 1899இல் உருவான அமெரிக்க உருக்குத் தொழிற் கம்பனியை 1901இல் தமது ஆட்சிக்குட் கொண்டு வந்தனர்.

இக்கதையை இருவர் இரு விதமாக எழுதினர். ஸ்ரீவன் பேமிங்காம் 1967இல் வெளியிட்ட ‘அவர் க்ரௌட்’ என்ற நூல் நியூயோர்க்கின் யூதப் பெருங்குடும்பங்களைப் பற்றியது. விருந்துகள், திருமணங்கள், குடும்பப் பகைகள், ஒருவரையொருவர் தாழ்வாக மதித்த சிறுமைகள் யாவும் அதிலே சுவைபடச் சொல்லப்படுகின்றன. வாசகன் நூலைக் கீழே வைக்க மாட்டான். ஆயின் அந்நூலின் ஒளி விருந்து மண்டபத்தின் ஒளி. அது சுரங்கத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. செல்வம் அங்கே ஓர் அதிர்ஷ்டச் சம்பவமாக நிகழ்கின்றது. உற்பத்தி உறவுகளை நீக்கிவிட்டு உறவினரை மட்டும் எழுதினால் வரலாறு குடும்பக் கதையாகிவிடும் என்பதற்கு இந்நூல் நல்லதோர் எடுத்துக்காட்டு.

அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னதாக, 1937இல், ஹார்வி ஓ’கொனர் எழுதிய ‘த குகன்ஹைம்ஸ்’ முற்றிலும் வேறு வகையான நூல். ஓ’கொனர் தொழிலாளர் பத்திரிகைகளிலே பணியாற்றிப் பழகியவர். செல்வத்தை அதன் ஊற்றுக்கண்ணிலிருந்தே பார்க்கத் தெரிந்தவர். 1953இல் மக்கார்த்தியின் செனற் விசாரணைக் குழு, வெளிநாடுகளிலுள்ள அமெரிக்க அரசு நூலகங்களில் அவர் நூல்கள் இடம்பெற்றமை தொடர்பாக அவரை அழைத்து, அவரது அரசியற் சார்பைக் கேட்டது. அவர் விடையளிக்க மறுத்தார், குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார், மேன்முறையீட்டிலே அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. எழுத்தை வாழ்வோடு பிணைத்த ஒருவரின் நூல் என்பதால் அதற்கு ஒரு கனம் உண்டு.

ஓ’கொனரின் பார்வை எத்துணை இன்றியமையாதது என்பதை 1903ஆம் ஆண்டு நிகழ்ச்சியால் அறியலாம். கொலராடோச் சட்டசபை 1899இல் இயற்றிய எட்டு மணி நேர வேலைச் சட்டத்தை மாநில உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் ரத்துச் செய்தது. 1902இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பையே திருத்தினர். அதன் பின்னரும் 1903இற் சட்டசபை சட்டத்தை நிறைவேற்றாது கலைந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில், டென்வரின் இரு உருக்காலைகளிலே, குகன்ஹைம் ஆட்சியிலிருந்த அதே கம்பனிக்கு எதிராக, தொழிலாளர் எட்டு மணி நேரம் கோரி வேலைநிறுத்தம் செய்தனர், தோற்கடிக்கப்பட்டனர். மக்களின் வாக்கும் வாங்கிக் கொடுக்க முடியாத ஒன்றைக் கேட்டதே அவர்கள் செய்த பிழை. நான்காண்டுகள் கழித்து, 1907இல், சைமன் குகன்ஹைம் அதே மாநிலத்தின் செனற்றராக வாஷிங்டன் சென்றார். 1925இல் அவர் நிறுவிய உதவிநிதி எத்தனையோ எழுத்தாளருக்கும் அறிஞருக்கும் துணை புரிந்திருக்கின்றது. சகோதரர் சொலமனின் பெயரால் 1959இல் நியூயோர்க்கிலே திறக்கப்பட்ட கலைக்கூடத்தை உலகமே போற்றுகின்றது. கலையைப் போற்றுவது தவறன்று. அக்கலைக்கூடத்தின் வெண்சுவருக்குள் உருக்காலையின் புகையும் அடங்கியிருக்கின்றது என்பதை மறப்பதே தவறு.

ஆயினும் ஓ’கொனரின் நூலிலும் ஓர் எல்லை உண்டு. அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்தின் கதை ஒரு சமூகத்தின் கதையாகப் படிக்கப்படும் அபாயம் எப்போதும் இருக்கின்றது. அவர் எழுதிய 1937ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் நாசிகள் ‘யூத மூலதனம்’ என்ற பேயுருவைக் காட்டி ஒரு மக்களினத்தையே அழிப்பதற்கு வழி சமைத்துக்கொண்டிருந்தனர். முதலாளித்துவத்தின் குற்றத்தை ஓரினத்தின் குற்றமாக மாற்றுவது பாசிசத்தின் பழைய தந்திரம். அத்தந்திரத்துக்கு விடை, யூத முதலாளியைப் பற்றிப் பேசாதிருப்பதன்று. யூதச் சமூகத்தினுள்ளேயே முதலாளியும் உண்டு, சிறு கடைக்காரனும் உண்டு, கூலியும் உண்டு என்று காட்டுவதே விடை. லெட்வில்லின் யூதருட் பெரும்பாலோர் சிறு வணிகரே. 1893இல் வெள்ளி விலை வீழ்ந்து, அமெரிக்க அரசு வெள்ளி வாங்குதலையும் நிறுத்தியபொழுது, சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த கடைகளும் மூடப்பட்டன. செல்வர் முன்னரே வெளியேறிவிட்டனர். மூட்டை கட்டிக்கொண்டு இறுதியிற் புறப்பட்டவர் ஏனையோர்.

மூன்றாவது வகை நூல்களே சமூகத்தை முழுமையாக எழுத முன்வந்தவை. ஹரியற் ரொக்லினும் பிரெட் ரொக்லினும் சேர்ந்து 1984இல் வெளியிட்ட ‘பயனியர் ஜூஸ்’ அவற்றுட் புகழ் பெற்றது. பழைய புகைப்படங்கள் நிறைந்த அந்நூல், மேற்கு அமெரிக்காவில் யூதர் இருந்ததே இல்லை என்பது போன்று எழுதப்பட்ட வரலாற்றுக்கு உரிய மறுப்பாகும். நகர முதல்வராகவும், சட்டக் காவலராகவும், வணிகராகவும், தாய்மாராகவும் அவர்கள் வாழ்ந்த வாழ்வை அது மீட்டுத் தருகின்றது. மறக்கப்பட்ட ஒரு சிறுபான்மையினரை நினைவுக்குக் கொணரும் பணியை யாரும் சிறிதென எண்ணல் ஆகாது. எனினும் இவ்வகை எழுத்துக்கள் தம் மக்களின் பெருமையை நிறுவும் ஆர்வத்திலே, ‘முன்னோடி’ என்ற சொல்லை வினாவின்றி ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு எளிதில் ஆளாகின்றன. ‘நாங்களும் இந்நாட்டைக் கட்டினோம்’ என்பது அவற்றின் உள்ளுரை. கட்டப்பட்டது எவர் நிலத்தில் என்பதும் அதே நூலிலே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கொலராடோவின் மலைகள் யூட் மக்களின் வாழ்விடம். 1868இலும் 1873இலும் செய்யப்பட்ட உடன்படிக்கைகள் அவர்களது நிலத்தைப் பகுதி பகுதியாகப் பறித்தன. 1881இல் அவர்களுட் பெரும் பகுதியினர் படைக்காவலின் கீழ் யூற்றாப் பிரதேசத்துக்கு விரட்டப்பட்டனர். இந்நிகழ்ச்சிகளில் முக்கிய பங்கு கொண்டவருள் ஒருவர் ஒற்றோ மியர்ஸ். 1840இல் ரஷ்யப் பேரரசின் கூர்லாந்திலே யூதக் குடும்பத்திற் பிறந்து, பெற்றோரை இழந்து, சிறுவனாகக் கலிபோர்னியா வந்து சேர்ந்தவர். பின்னர் சான் யுவான் மலைகளிலே சுங்கப் பாதைகளையும் இருப்புப் பாதைகளையும் அமைத்துப் புகழடைந்தார். யூட் மொழியைக் கற்றிருந்த அவர், 1880இல் வெளியேற்ற உடன்படிக்கைக்கு இணங்கிய யூட் மக்களுக்கு ஆளுக்கு இரண்டு டொலர் கொடுத்தாரென்ற குற்றச்சாட்டுக்கும் உள்ளானார். கொலராடோ மாநில சபை மாளிகையின் கண்ணாடிச் சித்திரங்களுள் அவர் உருவமும் இடம்பெற்றுள்ளது.

மியர்ஸின் வாழ்வை ஏணியிலேறிய அநாதைச் சிறுவனின் கதையாக எழுதலாம்; பலர் எழுதியும் உள்ளனர். ஆயின் நிலமற்றவனாக ஆக்கப்பட்ட ஓர் இனத்திலே பிறந்தவன், இன்னோர் இனத்தை நிலமற்றதாக்கும் பொறியிலே அச்சாணியாக அமைந்தான் என்பதல்லவா இங்குள்ள அவலம்? இதனைக் கூறுவது யூதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகாது. குடியேற்ற முதலாளித்துவம் தன்னிடம் வந்த அகதிக்கு அளித்த வரவேற்பின் விலை என்ன என்பதையே இது காட்டுகின்றது. மேற்கிலே யூதர் ஐரோப்பாவிற் காணாத சமத்துவத்தைக் கண்டனர் என்று இந்நூல்கள் கூறுகின்றன. அது பெருமளவுக்கு உண்மையே. ஆயின் அவர்கள் நகரத் தந்தையராக ஏற்கப்பட்ட அதே ஆண்டுகளில், 1880ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி, டென்வரின் சீனர் குடியிருப்பு வெறிகொண்ட கூட்டத்தாற் சூறையாடப்பட்டது. 1882இலே சீனத் தொழிலாளரின் வருகையைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது. நிறத்தின் எல்லைக்கோடு வேறிடத்தில் வரையப்பட்டமையால், யூதன் அதன் உட்புறத்தில் நின்றான். சமத்துவம் என்று போற்றப்பட்டது அந்தக் கோட்டின் உட்புறமே.

‘முன்னோடி’ச் சித்திரத்திலே பொருந்தாத இன்னொரு கதையும் உண்டு. 1882ஆம் ஆண்டு மே மாதத்திலே, ரஷ்யாவின் யூத எதிர்ப்புக் கலவரங்களிலிருந்து தப்பிய குடும்பங்கள் சில, கொலராடோவின் கொற்றோபக்ஸிக்கு விவசாயக் குடியேற்றக்காரராக அனுப்பப்பட்டன. அவர்கள் அங்கு செல்லக் காரணராயிருந்த இமானுவேல் சல்ரியேல் தாமும் யூதர். அவ்விடத்துச் சுரங்க உடைமையாளர். கல்லும் சரிவுமான நிலம் விளைச்சலைத் தரவில்லை. வந்தவர்கள் வயிற்றுக்காகச் சுரங்கத்திலும், இருப்புப் பாதை வேலையிலும் கூலிகளாயினர். 1884இலே குடியேற்றம் கலைந்தது. சல்ரியேல் மலிந்த கூலியாட்களைப் பெறுவதற்காகவே இம்மக்களை வஞ்சித்தார் என்று 1950ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக ஆய்வேடொன்று வாதித்தது. பின்வந்தோர் சிலர் அத்தீர்ப்பை மறுத்து, அவர் மீது சுமத்தப்பட்ட பழி மிகையானது என்றனர். தனிமனிதனின் நோக்கத்தைப் பற்றிய இவ்வழக்கு எவ்வாறு முடியினும், ஓர் உண்மை நிலைத்து நிற்கும்: நிலம் கேட்டு வந்தவனுக்குச் சுரங்கமே கிடைத்தது. வில்லனைத் தேடும் எழுத்தும், வில்லனுக்கு விடுதலை தேடும் எழுத்தும் ஒருசேரத் தவற விடுவது இதனையே. ஒரே வேதத்தை ஓதியவர்களுள் ஒருவன் உடைமையாளனாகவும் மற்றவன் கூலியாகவும் இருந்தமைக்கு எவருடைய நல்லெண்ணமும் கெட்ட எண்ணமும் முழு விளக்கமாக மாட்டா.

இந்த வர்க்க வேறுபாடு நோயாளியின் கட்டிலருகிலும் வந்து நின்றது. மலைக்காற்றைத் தேடிக் காசநோயாளர் பலர் டென்வருக்கு வந்தனர். ஜேர்மன் யூதச் செல்வர் முன்னின்று கட்டிய தேசிய யூத வைத்தியசாலை, 1893ஆம் ஆண்டின் வெள்ளி வீழ்ச்சியால் திறக்கப்படாது கிடந்து, 1899இலே தான் வாயிலைத் திறந்தது. இலவசமாகவே சேவை செய்தது; போற்றற்குரியது. ஆயின் நோயின் தொடக்க நிலையிலிருந்தோரையே அது ஏற்றுக்கொண்டது. கிழக்கைரோப்பிய யூதரின் உணவு விதிகளையும் பேணவில்லை. நியூயோர்க்கின் தையற் பட்டறைகளிலே நோயை வாங்கிக்கொண்டு, முற்றிய நிலையில் வந்தவர்களுக்காக, 1904இல் கிழக்கைரோப்பிய யூதர் தாமே மற்றொரு நிலையத்தை நிறுவினர். சில்லறைக் காசுகளின் சேர்க்கையால் வளர்ந்த அந்நிலையத்தின் தோற்றத்தில் மருத்துவர் சார்ள்ஸ் ஸ்பிவாக்கோடு கவிஞர் யெஹோவாஷும் பங்கு கொண்டார். காசநோயோடு வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் டென்வரில் வாழ்ந்த அவரே பின்னாளில் வேதாகமத்தை யிடிஷ் மொழிக்குத் தந்தவர். மலைக்கு வந்த யூதருள் வெள்ளி தேடாது மூச்சுத் தேடி வந்த இவர்களை ‘முன்னோடிகள்’ என்று எவரும் அழைப்பது அரிது. ஆயினும் தமக்குப் பின் வருவோருக்காக வழி சமைத்தவர் என்ற பொருளில் அச்சொல்லுக்கு முழுத் தகுதி இவர்களுக்கே உண்டு.

இறுதியாக, நூலல்லாத ஒரு நூலையும் இங்கு குறிப்பிட வேண்டும். லெட்வில்லின் செபக்கூடம் சமூகம் கலைந்த பின்னர் வீடாகவும், வாகனம் திருத்தும் இடமாகவும், வாடகைக் குடியிருப்பாகவும் மாறிற்று. 1992இல் ஓர் அறக்கட்டளை அதனை வாங்கிப் பழைய வடிவிற் புதுப்பித்து, நூதனசாலையாக்கியது. அத்துடன் அமையாது, பெயரேடுகளையும் குடிசன மதிப்பீடுகளையும் பழம் பத்திரிகைகளையும் துருவி, அந்நகரில் வாழ்ந்த யூதர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் எழுதி வருகின்றது. செல்வனையும் கடனாளியையும் ஒரே வரிசையில் வைக்கும் இப்பணி, புகழ்மாலைகள் பலவற்றினும் மேலானது. அங்கு பெருமை பேசுவதினும் பெயர் தேடுவதே முதன்மை பெறுகின்றது.

அந்நகரின் மயானத்திலே யூதரின் கல்லறைப் பகுதிக்கு அணித்தாக, பெயர் பொறிக்கப்படாத ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வறியோரின் குழிகள் உள்ளன. பெரும்பாலோர் ஐரிஷ் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும். 1880இல் நாட்கூலி நான்கு டொலரும் எட்டு மணி நேர வேலையும் கேட்டவர்கள் அவர்கள். ஆளுநர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். நகர வணிகரும் ஆயுதந் தாங்கி அவர்களுக்கெதிராக அணிவகுத்தனர். 1896இல் எல்லோருக்கும் மூன்று டொலர் கேட்டனர். 1897இல் தோல்வியே விடையாகக் கிடைத்தது. அப்பெயரற்றோருக்கான நினைவுச் சின்னம் 2023இலே தான் எழுப்பப்பட்டது. சுரங்கங்கள் விட்டுச் சென்ற ஈயமும் நஞ்சும் இன்னும் அம்மண்ணில் உண்டு. அமெரிக்க அரசு 1983இல் அப்பகுதியைத் துப்புரவு செய்யப்பட வேண்டிய நச்சு நிலங்களின் பட்டியலிலே சேர்த்தது.

எனவே இத்துறையில் இனி எழுதப்பட வேண்டிய நூல் எத்தகையது? ஓ’கொனரின் வர்க்க நோக்கும், ரொக்லின் தம்பதியரின் சமூகப் பரிவும், செபக்கூட நூதனசாலையின் பெயர் தேடும் பொறுமையும் ஒன்றிணைந்த நூலே அது. அதிலே கடைக்காரனின் கணக்கேடும் தொழிலாளியின் கூலிச் சீட்டும் அருகருகே வைத்துப் படிக்கப்படும். யூட் மக்களின் வெளியேற்றம் முன்னுரையிலே கடந்து செல்லப்படாது, கதையின் உள்ளேயே இடம்பெறும். யூதனைத் தெய்வமாக்கவும் வேண்டாம், பேயாக்கவும் வேண்டாம். ஒடுக்கப்பட்டவனாக வந்து, சிலர் ஒடுக்குபவராகவும், பலர் உழைப்பவராகவும், இன்னும் பலர் நோயாளராகவும் வாழ்ந்த மனிதர் என்றே எழுத வேண்டும். ஒரு சிறுபான்மையினருக்கு எழுத்தாளன் செய்யக்கூடிய உயர்ந்த மரியாதை, அவர்களுடைய வரலாற்றை முழுமையாக எழுதுவதேயாகும்.